மாட்டியவரே எடுக்க வேண்டும்

கயிற்றைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வரவில்லை. முதலில் முடிச்சைத்தான் பார்த்தான். பதினெட்டு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? பச்சைப் பிடி போட்ட ஸ்கிப்பிங் கயிறு. இரண்டு கணுக்காலையும் சேர்த்து ஒரு சுற்று, பெஞ்சின் காலோடு இரண்டு சுற்று, குழந்தையின் கைக்கு எட்டாத பக்கத்தில் முடிச்சு. அவசரத்தில் போட்ட முடிச்சு இல்லை அது. தினமும் போட்டுப் பழகிய கை போட்டது. அது விளங்கிய பிறகுதான் அவனுக்குக் காது சூடாயிற்று.

பெஞ்சில் இருந்தவள் அவனுடைய மகள். ஏழு வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் என்ன பெயரோ இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டில் கட்டெறும்பு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஓரிடத்தில் நிற்காதவள். தட்டைக் கையில் கொடுத்தால் இரண்டு வாய் தரையில், இரண்டு வாய் ஜன்னல் கட்டையில், மிச்சத்தை அலமாரி மேலே ஏறி உட்கார்ந்து சாப்பிடுவாள். வகுப்பாசிரியை அவனைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். கையிலிருந்த வேலை சீக்கிரம் முடிந்ததால் பத்தரைக்கே வந்து வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டான். சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் கயிறு மேஜை டிராயருக்குள் போயிருக்கும், அவனுக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது.

ஆசிரியையைத் திட்டித் தீர்த்துவிடுவது சுலபம். ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் அரைப்பங்கு நியாயமும் இருந்து தொலைத்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். கணக்கை ரெண்டு நிமிஷத்துல போட்டு முடிச்சிடறா. மீதி முப்பத்தெட்டு நிமிஷம் நான் அவளை என்ன பண்றது? ஜன்னல்ல ஏறறா. ஃபேன் எப்படி சுத்துதுன்னு கேக்கறா. பக்கத்துப் பிள்ளைங்க நோட்டுல எல்லாம் விடையை எழுதிக் கொடுத்துட்டு வர்றா. எனக்கு நாப்பது பிள்ளைங்க சார், ரெண்டு கைதான்."

விஷயம் கேட்டு வகுப்புக்கே வந்துவிட்ட தலைமை ஆசிரியை அவனைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, புத்தி நிறைய இருக்கிறது, உடம்புதான் அடங்க மாட்டேன் என்கிறது என்றார். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா, நீங்களே சொல்லுங்க."

வளைக்கிறதுக்கு அவள் என்ன கம்பியா என்று கேட்க வாய் வரை வந்தது. அதை விட்டுவிட்டுக் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். "எத்தனை நாளாம்மா?" என்று மகளிடம் கேட்டான்.

"மழை விட்டதுலேருந்துப்பா. வலிக்காது. நான் அசைஞ்சாதான் வலிக்கும்."

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, புத்தகப் பையை மறு கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இனி வீட்டிலேயே படிப்பு. முடிவெடுக்க எடுத்துக்கொண்டது பள்ளிக்கூட வாசலிலிருந்து சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் உள்ள தூரம்தான்.

அவன் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். காலை ஒன்பதுக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். கயிற்று விஷயத்தைக் கேட்டதும் பிள்ளையின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கணக்குக்கு வந்தாள். அவள் அப்படித்தான்.

"சரி, நிறுத்திட்டீங்க. யாரு சொல்லிக் கொடுப்பா?"

"நான்தான்."

"நீங்க வேலைக்குப் போனா?"

"கூடவே கூட்டிட்டுப் போறேன்."

"வேலை நடக்கற இடத்துக்கா? ஏதாவது ஆச்சுன்னா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. எழுதித் தரட்டுமா?"

ஒரு வருடம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்றாள். வருடக் கடைசியில் கல்வி அலுவலகத்தில் வைக்கிற பரீட்சையில் பிள்ளை தேறினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் பள்ளிக்கூடம். அவன் தலையாட்டினான். பரீட்சை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. என் பிள்ளையை இனி எவரும் கட்டிப்போடக் கூடாது, அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த ஏழெட்டு மாதம் அந்தப் பிள்ளை படித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். படிக்கட்டில் ஏறிக்கொண்டே பெருக்கல் வாய்ப்பாடு. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி என்றால் ஆறு மாடிக்கு எத்தனை? மேலே போய்ச் சேர்வதற்குள் விடை வந்துவிடும், கீழே இறங்கும்போது வகுத்தல். திருப்புளியால் திருகாணியைக் கழற்றி எண்ணுவாள். பலகைகளில் எழுதியிருப்பதை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பிறகு எழுத்துக்கூட்டாமலே படித்தாள். அவன் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தன் பழைய கைக்கடிகாரத்தையும் அவள் முழங்கை வரை ஏற்றிக் கட்டிவிட்டான். "பார்க்கறதை எல்லாம் நேரம் போட்டு எழுதணும். சின்னதோ பெருசோ, விடக் கூடாது." அவள் விடவில்லை. பூனை வந்தது, பூனை போனது, அப்பா தும்மினார், எல்லாம் மணி நிமிடத்தோடு நோட்டில் ஏறியது.

ஒருநாள் லிஃப்ட் எப்படி ஏறுகிறது என்று சொல்லிக் கொடுத்தான். கயிற்றின் ஒரு முனையில் ஆள் போகிற பெட்டி, மறுமுனையில் இரும்பு வெயிட்டு, நடுவில் மொட்டைமாடி ரூமில் ஒரு சக்கரம். அண்ணன் ஏறினால் தம்பி இறங்குவான். வெறும் பெட்டியை விட வெயிட்டுத்தான் கனம்.

கட்டெறும்பு ஒரு கையை உயர்த்தி, மறு கையைத் தாழ்த்திப் பார்த்தாள். "அப்போ யாருமே இல்லாத பெட்டியைப் பிடிக்காம விட்டா, அது மேல போயிடுமாப்பா? வெயிட்டு கீழ வந்துடுமா?"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இது விளங்க ஒரு மாதம் ஆகியிருந்தது. "போயிடும் கண்ணு. அதுக்குத்தான் பிரேக் இருக்கு," என்றான். அன்றைக்கெல்லாம் அதை எதிரில் வந்தவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்குகிறவன், முதலில் மொட்டைமாடி ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, தன் கையாலேயே ஒரு பலகையை அதில் மாட்ட வேண்டும். 'ஆள் வேலை செய்கிறார். தொடாதீர்கள்.' மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் அடுத்தவர் தொடக் கூடாது. எவனோ ஒருவன் அவசரப்பட்டு எடுத்து, எவனோ ஒருவன் செத்த பிறகு வந்த வழக்கம்தான். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு துணை ஆளும் இருப்பான். குழிக்குள் இருப்பவன் அவ்வப்போது, பெட்டி ஏறி இறங்குகிற தண்டவாளத்தில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவான். இரும்பில் சத்தம் ஆறு மாடியும் ஏறிப் போகும். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், நீ அங்கேயே இரு என்று அதற்கு அர்த்தம். இதையும் அவன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். கிணறு மாதிரி நீளமான அந்தக் கூண்டுக்குள் எந்தக் குரலும் எதிரொலித்து நீண்டு கேட்கும் என்பதால், வேலை செய்யும்போது அப்பா பாடுவார்.

துணை ஆளைக் கம்பெனி வேறு பகுதிக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒருவர் போதும் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்குக் குழி எப்படித் தெரியும்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு மாடி ஆபீஸ் கட்டடம், ஈ காக்கை இல்லை. கேட்டருகே ஒரு காவலாளி மட்டும் ரேடியோவை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழியில் தண்ணீர் ஊறியிருந்தது, இறைத்துவிட்டுக் கீழே உள்ள ஸ்பிரிங்குகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அவன் மகளோடு மொட்டைமாடிக்கு ஏறினான். சுவிட்சை அணைத்தான், பலகையை மாட்டினான். பிறகு மகளைப் பார்த்தான். இவளைக் கீழே கூட்டிப் போனால் குழிக்குள் குதிப்பாள். இங்கே சும்மா விட்டால் கைப்பிடிச் சுவரில் ஏறுவாள். அப்போதுதான் அவன் புத்தி புல் மேயப் போயிற்று.

"இன்னைக்கு நீதான் துணை ஆள்," என்றான். "இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கோ. நான் வந்து என் கையால போர்டை எடுக்கற வரைக்கும் நீ அசையவே கூடாது. யாரு வந்தாலும் சுவிட்சைத் தொட விடாதே. எதையும் நீ தொடாதே. மூணு தட்டு கேட்டா, அப்பா உள்ள இருக்கேன்னு அர்த்தம். முடியுமா?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் கயிறு போட்டும் செய்ய முடியாததை அவன் இரண்டு வார்த்தையில் செய்துவிட்டான். அவள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டாள், நோட்டை மடியில் விரித்தாள். படியிறங்கும்போது அவனுக்கு ஒரே பெருமை. பிள்ளைக்குக் கயிறு வேண்டாம், ஒரு பொறுப்பு போதும், இதைப் போய் அந்தத் தலைமை ஆசிரியையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

குழிக்குள் இறங்கி மூன்று தட்டு தட்டினான். சட்டையையும் அதன் பையிலிருந்த போனையும் மேலே கதவோரமாக மாட்டியிருந்தான், ஈரத்தில் நனைந்துவிடக் கூடாதே என்று. வெயிட்டு வந்து இறங்குகிற பக்கமாகக் காலை மடக்கி உட்கார்ந்து துடைத்தான். பெட்டி ஐந்தாம் மாடியில் காலியாக நின்றது. பிரேக்கின் கட்டை தேய்ந்திருப்பதை எழுதிக் கொடுத்து அவனே நாலு மாதம் ஆகிறது. மாற்றவில்லை. அது அன்றைக்குப் பார்த்துப் பிடியை விட்டது.

வேகமாக ஒன்றும் வரவில்லை. நிதானமாக, ஒரு பெரிய மனுஷர் நாற்காலியில் உட்காருவதைப் போல இரும்பு வெயிட்டு வந்து அவன் இடது முழங்காலின் மேல் உட்கார்ந்தது.

முதல் கத்தல் வலியில் வந்தது. அடுத்ததெல்லாம் காவலாளிக்காக. கேட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. போன் தலைக்கு மேலே ஆறடியில் சட்டைக்குள் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. கையில் ஸ்பேனர் இருந்தது. தண்டவாளத்தில் தட்டினான். பழக்க தோஷம், கை தானாக மூன்று தட்டியது. தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

மூன்று வேண்டாம் என்று பத்து தட்டினான். பதினேழு தட்டினான். விடாமல் தட்டினான். துணை ஆளாக இருந்தால் இதற்குள் படியில் விழுந்தடித்து வந்திருப்பான், அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு தட்டு. அசையாதே என்ற தட்டு. வா என்பதற்கு அவன் எதையும் சொல்லித் தந்திருக்கவில்லை. "கட்டெறும்பு, கீழ வாம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினான். குரல் கூண்டுக்குள் உருண்டு உருண்டு மேலே போயிற்று. யாரும் வரவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக அவன் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணிக்குக் காவலாளி தண்ணீர் பிடிக்க உள்ளே வந்தார். அதுவரை நாலு மணி நேரம்.

மிச்சத்தை அவர்தான் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். தீயணைப்பு ஆட்கள் சக்கரத்தைக் கையால் சுற்றி வெயிட்டைத் தூக்க மொட்டைமாடிக்கு ஓடியிருக்கிறார்கள். அவன் மயங்கிக் கிடந்ததால், ரூமில் ஒரு குழந்தை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. "ஸ்டூல்ல உக்காந்திருந்தா சார். பாவாடையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. ஒண்ணுக்குக் கூட எழுந்து போகல போல. எங்களைக் கண்டதும் ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டா. தொடாதீங்க, எங்கப்பா உள்ள இருக்காரு, அவர்தான் எடுக்கணும்னு ஒரே பிடிவாதம். ஒருத்தர் தூக்கினாரு, அவர் கையைக் கடிச்சிட்டா. அப்புறம் அவங்கள்ல தொப்பி போட்ட ஒருத்தர்தான் பலகையைக் கழட்டி ஓரமா வெச்சாரு. நல்ல பொறுப்பான பிள்ளை சார்."

இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மனைவியின் அண்ணன் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சுன்னு நினைச்சுக்கோங்க மாப்ளே என்றார். ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் வாயை முதலில் கட்ட வேண்டும்.

நான்காம் நாள் மனைவி அந்த நோட்டைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பென்சில் எழுத்து, வரி கோணாமல் இருந்தது.

'10.05 அப்பா கீழே போனார்.
10.15 மூணு தட்டு.
10.28 சக்கரம் தானாகச் சுற்றியது. வெயிட்டு கீழே போகுது. நான் தொடவில்லை.
10.29 அப்பா பாடுகிறார். பாட்டு புரியவில்லை.
10.34 மூணு தட்டு.
10.36 பத்து தட்டு. மூணு மூணாக மூணு. மிச்சம் 1.
10.50 பதினேழு தட்டு. மூணு மூணாக ஐந்து. மிச்சம் 2.
11.40 அப்பா இன்னும் பாடுகிறார்.
12.30 ஒண்ணுக்கு வருது. அசையவில்லை.
1.20 தட்டு மெதுவாக வருது. ஏழு. மிச்சம் 1.
2.05 பாட்டு நின்றது. நான் அசையவில்லை.'

கணக்கில் ஒரு தப்பு இல்லை. அவன் நோட்டை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வார்டில் எல்லோரும் பார்க்க அழுதான்.

அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதித் தருகிறேன் என்றானே. சொன்னபடியே அவள் உடம்பில் ஒரு கீறல் விழவில்லை. கல்வி அலுவலகப் பரீட்சைக்கு அவளை யாரும் கூட்டிப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து மனைவி அவளை வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அவனைக் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஊன்றுகோலில் பழகி, முதல் முறையாக அந்தப் பள்ளிக்குப் போனபோது புது ஆசிரியை வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"உங்க பொண்ணுதானா சார்? எப்படி வளர்த்திருக்கீங்க. வெச்ச இடத்துல அப்படியே இருக்கா. மணி அடிச்சாக்கூட நான் சொன்னாதான் எழுந்துக்கறா. மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் அவளைத்தான் காட்டறேன்."

அவன் ஊன்றுகோலைத் திருப்பி, வந்த வழியே வாசலுக்கு நடந்தான்.

வீட்டிலும் அப்படித்தான். அலமாரி மேல் தூசி படிந்தது. ஜன்னல் கட்டையில் யாரும் ஏறவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், மற்ற நேரம் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவன் ஊன்றுகோல் தரையில் டக் டக் டக் என்று மூன்று முறை விழுந்தால் போதும், கையில் எடுத்த தம்ளர் அந்தரத்திலேயே நிற்கும்.

ஒரு சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வருவதற்கு முன் அவன் மகளுக்கு எதிரே போய் உட்கார்ந்தான்.

"ஏம்மா இப்படியே உக்காந்திருக்க? தெருவுல பிள்ளைங்க விளையாடுது பாரு. போயேன்."

"நீ இன்னும் போர்டை எடுக்கலையேப்பா."

"அதை அன்னைக்கே எடுத்தாச்சுடா."

"தொப்பி போட்ட மாமா எடுத்தாரு. மாட்டினவங்கதான் எடுக்கணும். நீதானே சொன்ன."

அவனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. எட்டு மாதமாகப் பிள்ளை அந்த ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை. மறுநாளே காவலாளிக்குப் போன் போட்டான். அந்த மொட்டைமாடி ரூமுக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம், மகளோடு ஏறி வர வேண்டும் என்றான். படியில் தவழ்ந்தாவது ஏறிவிடுவான். காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். விபத்துக்குப் பிறகு பழைய லிஃப்டையே எடுத்துவிட்டார்களாம். புதுசுக்கு மேலே ரூமே வேண்டாமாம். சக்கரம், சுவிட்ச் எல்லாம் பழைய இரும்புக்குப் போய் நாளாயிற்றாம். ரூமை இடித்துத் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டார்களாம்.

கம்பெனிக்காரர்கள் அவன் சாமான்களை ஒரு சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள். அவிழ்க்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை இழுத்து, ஸ்பேனர்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பலகையை எடுத்தான். ஒரு மூலையில் எண்ணெய்க் கை பட்ட அடையாளம், அவனுடையதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூடத்தில் ஃபேன் சுவிட்சை அணைத்து அதில் பலகையை மாட்டினான். மகள் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு நிமிடம் நின்றான். பிறகு அவளைப் பார்த்தபடியே, தன் கையால் அதைக் கழற்றினான்.

"பாரு. நான் மாட்டினேன், நானே எடுத்துட்டேன். முடிஞ்சது. இனிமே நீ எழுந்துக்கலாம்."

கட்டெறும்பு பலகையைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள், அவனுடைய காலையும் பார்த்தாள். கணக்கு வராத சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அது ஃபேன் சுவிட்சுப்பா."

சொல்லிவிட்டுக் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.